பிரேக்கர் விழுகிறது என்று கூப்பிட்டால் பெரிய பிரேக்கரை மாட்டிவிட்டுப் போகிற ஆள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் வயரிங் வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். பேர் போடவில்லை, போட்டால் அது வேறு வம்பு.

எனக்குக் காசு போட்டு விளையாடும் பழைய ஆர்கேட் மெஷின் பைத்தியம். ஈப்போவில் ஒரு கேம் கடையை மூடியபோது ஆறு மெஷினை லாரியில் ஏற்றிவந்து ஹாலில் நிறுத்திவிட்டேன். "தோட்டத்து லயத்தில இருந்தப்ப ஜெனரேட்டர் எப்ப போடுவான்னு காத்துக்கிடந்தோம், இவன் வீட்டுக்குள்ள திருவிழா நடத்துறான்" என்று அப்பாவுக்குச் சிரிப்பு.

ஆறையும் ஒரே சுவிட்சில் போட்டால் 20 ஆம்ப் பிரேக்கர், அதாவது கரண்ட் அதிகமானால் தானாக அணைகிற சுவிட்ச், டப்பென்று விழும். தெரிந்தவர் சொல்லி ஓர் ஆள் வந்தார். "லோடு தாங்கலண்ணே" என்று 20ஐக் கழற்றிவிட்டு 32 போட்டார், ஹால் பிளக்கிலிருந்து மூலைக்கு வயர் இழுத்து இரண்டு புது பிளக் வைத்தார், 480 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார். அதற்கப்புறம் விழவே இல்லை. நானும் பூரித்துப்போய் இரண்டு பேருக்கு அவர் நம்பரைக் கொடுத்தேன், அதுதான் இப்போது உறுத்துகிறது.

தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். ஆறு மெஷினும் ஓடுகிறது, அதே மூலையில் தள்ளு ஏர்கோனும் கறி சூடாக்க இண்டக்ஷன் அடுப்பும். திடீரென்று கருவாட்டு வாடை. தீபாவளியும் அதுவுமாகப் பக்கத்து வீட்டில் யார் கருவாடு பொரிக்கிறார்கள் என்று என் மனைவி எட்டிப் பார்க்கிறாள், இங்கே சுவரில் வயரை மூடி ஓடும் வெள்ளைக் கேசிங் தேத்தண்ணீர் நிறத்தில் வளைந்து தொங்குகிறது. மெயினை அணைத்தேன். நல்லவேளை, யாரும் தூங்கப் போகவில்லை.

மறுநாள் எரிசக்தி ஆணையத்தில் பதிவுள்ள வயர்மேன் ஒருவரைப் பிடித்தேன். பிளக்கைக் கழற்றியதும் உள்ளேயே காட்டினார்: மூலைக்கு இழுத்தது லைட்டுக்குப் போடுகிற 1.5 மில்லி வயர். எர்த் வயரை அந்த ஆள் எதிலும் மாட்டாமல் மடக்கிச் செருகியிருக்கிறார். என் மகன் "காசு போடுற இடம் சுள்ளுன்னு கடிக்குதுப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான், நான்தான் காதில் வாங்கவில்லை.

கணக்கையும் வயர்மேனே போட்டார். மெஷின் ஒன்றுக்குச் சுமார் 200 வாட், ஆறுக்கு 1200. ஏர்கோன் 1200, அடுப்பு 2000. மொத்தம் 4400 வாட், 230 வோல்ட்டில் 19 ஆம்ப். அந்த வயர் தாங்குவது 15 ஆம்ப் சொச்சம். 32 பிரேக்கருக்கு 19 எல்லாம் ஒரு பொருட்டே இல்லை, அது சும்மா இருக்கும், வயர்தான் வேகும். பிரேக்கர் காப்பாற்றுவது வயரை, மெஷினை இல்லை என்பது எனக்கு 45 வயதில்தான் தெரிந்தது.

சரி, அப்படியென்றால் முதலில் ஏன் விழுந்தது? 1200 வாட் 20 ஆம்புக்கு ஒன்றுமே இல்லையே? பழைய டியூப் திரை, ஆன் பண்ணும் அந்த நொடியில் மட்டும் பல மடங்கு கரண்டை இழுக்குமாம். ஆறும் ஒன்றாக இழுத்தால் விழாமல் என்ன செய்யும்? ஒவ்வொன்றாகப் போட்டால் போதும், காசே தேவையில்லை!

2.5 மில்லி வயரில் 20 ஆம்ப் லைன் என்றால் தொடர்ந்து ஓடுவதற்கு 3600 வாட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார். சாதா மெஷினாக இருந்தால் பத்துப் பன்னிரண்டு தாராளமாகப் போகும், ஆனால் அதே லைனில் அடுப்பு, கெட்டில் கூடாது. எக்ஸ்டென்ஷனில் கோத்தால் 13 ஆம்ப், 3000 வாட்தான் எல்லை. உட்கார்ந்து ஓட்டுகிற கார் கேம் அதிகம் தின்னும், பின்னால் இருக்கும் தகட்டைப் பார்த்துக் கூட்டுங்கள். ஜப்பான் மெஷின் 100 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகினால் அன்றோடு சரி.

இப்போது 20 பிரேக்கர் திரும்ப வந்துவிட்டது, மூலைக்குத் தனி லைன், எர்த்தோடு. நம்பர் கொடுத்த இரண்டு பேருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். ஒருவர் வீட்டிலும் 32தான் மாட்டியிருந்தது. அந்த ஆள் என் போனை எடுப்பதில்லை, கடைத்தெருவில் என்னைக் கண்டால் மோட்டாரைத் திருப்பிக்கொண்டு போகிறார்.