மணலில் முன்பே புதைத்து வைத்த சுறாப் பல்

கடற்கரையில் தொல்சுறாப் பற்கள் தேடக் கூட்டிப்போகும் வழிகாட்டி ஒருவரிடம் போன மாதம் நன்றாக ஏமாந்தேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. என் 9 வயது மகளை ஏமாற்றியதுதான் மனசு ஆறவில்லை.

அவளுக்கு இதில் அப்படி ஓர் ஆசை. இந்தப் பற்களைப் பாம்பு நாக்கு கல்லானது என்று ஒரு காலத்தில் ஐரோப்பாவில் நம்பினார்கள். 1666-ல் ஸ்டெனோ என்பவர் ஒரு பெரிய சுறாவின் தலையை அறுத்துப் பார்த்து, அந்த ‘நாக்குக் கற்கள்’ சுறாப் பற்களேதான் என்று எடுத்துச் சொன்னார். இந்தக் கதையை அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை.

‘ஆளுக்கு ஒரு பெரிய பல் நிச்சயம்’ என்பதுதான் விளம்பரம். அலை எதைக் கொண்டுவந்து போடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அந்த ஒரு வரியைப் பார்த்ததுமே நான் விலகியிருக்க வேண்டும்.

நாங்கள் 3 குடும்பங்கள். வழிகாட்டி எங்களுக்கு முன்பே வந்து கரையை ஒரு சுற்று நடந்துவிட்டிருந்தார். இடம் பார்த்ததாகச் சொன்னார். அப்புறம் ஒவ்வொரு குழந்தையையும் ஓர் இடத்தில் நிறுத்தி, “இங்கே அள்ளிச் சலித்துப் பார்” என்றார். அரை மணி நேரத்துக்குள் 3 குழந்தைகளின் சல்லடையிலும் உள்ளங்கை நீளத்தில் பாதிக்கு ஒரு பல். மகள் கத்திய கத்தலில் கரையே திரும்பிப் பார்த்தது. கிடைத்த இடம், தேதி எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டும் தந்தார்.

வீட்டுக்கு வந்து பல்லைக் கழுவும்போதுதான் எனக்கு முதல் சந்தேகம். வேரின் பிளவுகளில் மஞ்சள் நிறத்தில் பொடிமண் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்ந்தது. அலையில் உருண்டு வந்த பல்லில் இப்படி மண் எப்படித் தங்கும்? விளிம்புகளிலும் தேய்மானமே இல்லை. பல் தேன் நிறம். அன்றைக்கு நாங்களாகவே பொறுக்கிய சின்னப் பற்களோ எல்லாம் கறுப்பு, ஓரம் மழுங்கி வழவழப்பானவை. பல்லின் நிறம் வயதால் வருவதில்லை, அது புதைந்து கிடந்த வண்டலின் தாதுக்களால் வருவது. ஒரே மணலில் இரண்டு விதம் என்றால் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

நிலவியல் படித்த நண்பரிடம் காட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ரம்பப் பல் இல்லாத வழவழப்பான விளிம்பு, இரு பக்கமும் குட்டியாக ஒவ்வொரு துணைமுனை. ஓட்டோடஸ் ஒப்ளிகஸ் என்ற சுறா, சுமார் 5 கோடி ஆண்டுப் பழையது என்றார். மொராக்கோவில் கூரிப்கா பக்கத்துப் பாஸ்பேட் சுரங்கங்களிலிருந்து இவை மூட்டை மூட்டையாக விற்பனைக்கு வருகின்றனவாம். எங்கள் கடற்கரையை ஒட்டிய குன்றின் வண்டல் அதைவிடப் பல கோடி ஆண்டு இளையது. அந்தப் பல் அங்கே கிடைக்க வழியே இல்லை.

வழிகாட்டியைக் கூப்பிட்டுக் கேட்டேன். குழந்தைகள் வெறுங்கையோடு போகக் கூடாதே என்றுதான் செய்வதாகச் சொன்னார். பணத்தைத் திருப்பித் தர முடியாது என்றும் சொல்லிவிட்டார். சரி, விளையாட்டுக்குப் புதைத்து வைத்தேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பொய்ச் சீட்டு எதற்கு? ஒரு புதைபடிவத்தின் மதிப்பில் பாதி அது கிடைத்த இடம்தான். நாளைக்கு அந்தச் சீட்டை நம்பி யாராவது படிக்கிற பிள்ளை குறிப்பெடுத்தால் என்ன ஆவது?

கிளம்பும் நேரத்தில் அவர் மெகலோடான் என்ற, அழிந்துபோன ராட்சதச் சுறாவின் பல் ஒன்றையும் விலைக்கு நீட்டினார். எங்களோடு வந்த ஒருவர் வாங்கினார். பிற்பாடு பார்த்தால் வேரில் ஒரு பக்கம் பிசின் வைத்துக் கட்டி, மேலே வண்ணம் பூசியிருக்கிறது. ஓரத்து ரம்பப் பற்கள் பாதியில் சட்டென்று நின்றுபோகின்றன. பெரிய பல் வாங்குகிறவர்கள் வேரையும் விளிம்பையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒட்டுவேலை உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, இதுதான் என்னை இன்றைக்கும் நடுங்க வைக்கிறது. மண் சரிகிற குன்றின் அடியிலேயே குழந்தைகளை நிற்க வைத்திருந்தார். சுறாப் பல்லுக்குப் பேர்போன, அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்துக் கால்வெர்ட் குன்றுகளில், பூங்கா எல்லைக்குள் குன்றின் அடிப் பகுதிக்குப் போகவே தடை, காரணம் மண்சரிவு. எந்தக் கரையாக இருந்தாலும் அங்கே பொறுக்க அனுமதி உண்டா, எங்கே நிற்கக் கூடாது என்று நீங்களே விசாரித்துவிட்டுப் போங்கள்.

தேடுவதற்கு வழிகாட்டி அவசியமே இல்லை. புயலோ பெரிய அலையோ ஓய்ந்த மறுநாள், கடல் உள்வாங்கும் நேரத்தில் போங்கள். பல் கனமானது, அதனால் கூழாங்கல்லும் சிப்பியும் சேர்ந்து ஒதுங்கும் வரிசையில்தான் தங்கும். சிப்பிக்கு இல்லாத ஒரு கறுப்பு மினுமினுப்பு கண்ணில் படும். கிடைப்பவை பெரும்பாலும் விரல்நகம் அளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவர் மட்டும் போனோம். குன்றை விட்டுத் தள்ளி, தண்ணீர் ஓரமாக 3 மணி நேரம். மகளுக்கு ஒரே ஒரு பல் கிடைத்தது, வேர் பாதி உடைந்தது. வீட்டுக்கு வந்ததும் அதற்குத் தன் கையாலேயே சீட்டு எழுதினாள். அப்புறம் பெரிய பல்லின் பெட்டியைத் திறந்து, பழைய சீட்டில் கடற்கரையின் பெயரை அடித்துவிட்டு ‘மொராக்கோ’ என்று எழுதி வைத்தாள்.