காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்கு வீடு பிடித்ததில் ரூ.21,600 போச்சு. படித்துவிட்டுப் பணம் போடுங்கள்

நேற்று இரவுதான் சேலம் திரும்பினோம். வராந்தாவில் கூடை அப்படியே கிடக்கிறது. உள்ளே நீலம் மாம்பழங்கள் அழுகத் தொடங்கிவிட்டன. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஆறிய பிறகு எழுதலாம் என்று தங்கை சொன்னாள். ஆறாது. போனது ரூ.21,600. இன்னொரு குடும்பத்துக்கு இது நடக்கக் கூடாது என்றுதான் இப்போதே எழுதுகிறேன். கடற்கரைப் பக்கம் கோயில், தர்கா, கோட்டை என்று பார்க்கப் போகிறவர்கள் எப்படித் தங்குமிடம் பிடிக்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஏன் அந்த வீடுதான் வேண்டும் என்று நின்றோம் என்பதைச் சொல்ல வேண்டும். காரைக்கால் அம்மையார் கதை எல்லோருக்கும் தெரியும். பரமதத்தன் அனுப்பிவைத்த இரண்டு மாம்பழத்தில் ஒன்றைப் புனிதவதியார் சிவனடியாருக்குப் படைத்துவிட, கணவன் இரண்டாவது பழத்தைக் கேட்க, இறைவனிடம் கேட்டு வாங்கிக் கொடுத்த கதை. அதை ஒட்டித்தான் ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா. பிச்சை கேட்கும் கோலத்தில் சிவன், பிச்சாண்டவராக வீதி உலா வரும்போது இரு பக்கமும் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே நிற்கிறவர்கள் பிடிப்பார்கள். பிள்ளை இல்லாதவர்கள் அந்தப் பழத்தைப் பிரசாதமாகச் சாப்பிடுவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் என் தங்கை அந்தத் தெருவில் முந்தானையை விரித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகியிருந்தது அவளுக்கு. ஒரு பழம் வந்து விழுந்தது. இப்போது அவள் பையனுக்கு ஒன்றரை வயது. அன்றைக்கே அம்மா வேண்டிக்கொண்டார்: குழந்தை பிறந்தால் அதே தெருவில் ஒரு மாடியில் நின்று நூற்றெட்டுப் பழம் இறைக்கிறேன் என்று. அம்மாவுக்கு 71 வயது. மூட்டு வலி. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாத விஷயம் இது.

ஆகவே எங்களுக்கு வேண்டியது வெறும் அறை இல்லை. உலா போகிற வீதியில் ஒரு மாடி.

வைகாசியிலேயே தேட ஆரம்பித்தேன். வீடுகளை நாள் வாடகைக்குப் பிடித்துக் கொடுக்கும் ஒரு தளத்தில் அந்த வீடு கிடைத்தது. தளத்தின் பெயரைச் சொல்லவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. பாரதியார் சாலையில், அம்மையார் கோயிலுக்கு நடக்கிற தூரத்தில், மாடியுடன் கூடிய பழைய வீடு என்று போட்டிருந்தது. மஞ்சள் சுவர், நீலக் கைப்பிடி, மாடியில் ஒரு துளசி மாடம். ஒரு நாளைக்கு ரூ.8,000. மூன்று இரவுக்கு ரூ.24,000. திருவிழா நேரம், அவ்வளவு கேட்பார்கள் என்று நினைத்தேன். ஊரும் எங்களுக்கு வசதி. காரைக்காலில் தங்கினால் வடக்கே தரங்கம்பாடி, தெற்கே நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று எல்லாமே ஒரு மணி நேரத்துக்குள் போய்வந்துவிடலாம்.

தளத்தின் வழியாக மாடியைப் பற்றிக் கேட்டேன். பதிலில் ஒரு போன் நம்பர் வந்தது. எண்ணாக இல்லை, "ஒன்பது எட்டு நான்கு" என்று எழுத்தில். தளம் நம்பரை மறைத்துவிடும், அதனால்தான் இப்படி என்று வீட்டைத் தளத்தில் போட்டிருந்த ஆள் எழுதியிருந்தார். அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

போன் பண்ணினேன். அவ்வளவு மரியாதையான குரல். "சார், அம்மாவுக்கு முட்டி வலின்னா கீழ் ரூமை ஒதுக்கித் தந்துடறேன். மாடிக்கு ஏற கைப்பிடி இருக்கு. நாங்க ரெண்டு பேர் தாங்கிப் பிடிச்சுக்கறோம். நேர்த்திக்கடன் சார், அதுல நாங்க விளையாட மாட்டோம்." அம்மாவிடமும் பேசினார். எத்தனை பழம், என்ன பழம் என்று விசாரித்தார். கெட்டியான பழமாக வேண்டாம், கீழே நிற்கிறவர்களுக்கு அடிபடும் என்று அவரே சொன்னார். அப்புறம் ஒரு வீடியோ அனுப்பினார். போன வருட உலா. மாடியிலிருந்து எடுத்தது. பழங்கள் பறக்கின்றன, கீழே கடல் மாதிரி கூட்டம், கைகள் எல்லாம் மேலே. அம்மா அதை எத்தனை முறை பார்த்தார் என்று கணக்கில்லை. அடுத்த வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். "இந்த இடத்துலதான் நான் நிப்பேன்" என்று திரையில் விரல் வைத்தார்.

நான் நம்பியது அந்த விரலைப் பார்த்துத்தான்.

தளத்தில் பதிவு செய்தால் கமிஷன் போகும், நேராகப் போட்டால் பத்து சதவீதம் குறைக்கிறேன் என்றார். ரூ.21,600. யூபிஐ-யில் முதலில் ரூ.10,800 போட்டேன். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, "திருவிழா நேரம் சார், வீட்டைக் கேட்டு ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க, மிச்சத்தையும் போட்டுட்டா சாவியை எடுத்து வெச்சுடுவேன்" என்றார். மீதி ரூ.10,800-ஐயும் போட்டேன். பணம் போய்ச் சேர்ந்த பெயர் அவர் சொன்ன பெயர் இல்லை. கேட்டதற்கு, மச்சான் கணக்கு என்றார். இன்னொன்றும் சொல்கிறேன்: எங்கள் யாருடைய ஆதாரையும் அவர் கேட்கவே இல்லை. சின்ன லாட்ஜில்கூட அடையாள அட்டை நகல் வாங்காமல் சாவி கொடுக்க மாட்டார்கள்.

காலையில் காரில் கிளம்பினோம். அம்மா, மனைவி, மகள், தங்கை, குழந்தை, இரண்டு கூடை பழம். மயிலாடுதுறை தாண்டும்போது போன் வந்தது. "வீடு கழுவி விடறாங்க சார், ஏழு மணிக்கு வந்துடுங்க." சரி என்று தரங்கம்பாடியில் இறங்கினோம். டேனிஷ் கோட்டைக்கு முன்னால் மணலில் உட்கார்ந்தோம். 1620-ல் கட்டியது, 1845-ல் இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள், 1706-ல் இங்கே வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இங்கேயே தமிழ் எழுத்தில் அச்சு போட்டார் என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா கோட்டையைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பழமாக எடுத்துத் துடைத்து மறுபடியும் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அந்த ஆள் எங்களை வேண்டுமென்றே நேரம் கடத்தினான் என்று இப்போது புரிகிறது. இருட்டிய பிறகு போனால் வேறு இடம் தேட முடியாது, புகார் கொடுக்கவும் ஓட முடியாது.

ஏழு மணிக்கு மேப் காட்டிய வீட்டு வாசலில் நின்றோம். மஞ்சள் சுவர் இல்லை. நீலக் கைப்பிடி இல்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. ஏழு நாற்பதுக்கு, "பையன் சாவியோட வர்றான்" என்று ஒரு வரி. எட்டரைக்கு, "பைக் பஞ்சர்." அப்புறம் அவர் படம் மறைந்தது. நம்பரை பிளாக் பண்ணிவிட்டார்.

கதவைத் தட்டினோம். வீட்டுக்காரர் பெரியவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே அவர் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது. "இன்னிக்கு நீங்க மூணாவது குடும்பம் தம்பி. நாங்க வாடகைக்கே விடறதில்ல." படத்தைக் காட்டினேன். "இது இந்தத் தெருவே இல்லையே" என்றார். அப்போதுதான் நானும் ஒழுங்காகப் பார்த்தேன். ஒரு படத்தில் ஜன்னலுக்கு வெளியே தென்னை மரமும் கடல் மணலும் தெரிகிறது. காரைக்காலில் கடற்கரை ஊரை விட்டுத் தள்ளி இருக்கிறது. பாரதியார் சாலை வீட்டு ஜன்னலில் எப்படி மணல் தெரியும்? ஒரு மாதமாக அந்தப் படம் என் போனில் இருந்தது.

காரைக்காலில் எங்கேயும் இடமில்லை. திருநள்ளாறில் இரண்டு லாட்ஜில் கேட்டோம், இல்லை. கடைசியில் வேளாங்கண்ணி போய், இரவு பதினொன்றரைக்கு ஒரு அறை கிடைத்தது. குழந்தை அழுதுகொண்டே வந்தது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் விடியும் முன்பே திரும்பி ஓடிவந்தோம். கூட்டத்தில் அம்மாவை நிறுத்த முடியவில்லை. ஒரு கடை ஓரத்தில் நாற்காலி வாங்கிப் போட்டு உட்கார வைத்தேன். சுவாமி வரும்போது தட்டில் பழம் வைத்துப் படைத்தார். மேலே எல்லா மாடியிலிருந்தும் பழங்கள் பறந்தன. அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இறைக்க முடிந்தது ஒன்றுகூட இல்லை. கீழே நின்று எங்கே இறைப்பது? கொஞ்சம் பழத்தைப் பக்கத்தில் நின்ற பெண்களுக்குக் கொடுத்தார். "கையில குடுத்தா கணக்குல வருமாடா?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல?

இனி புகார் கதை. இரவே தளத்துக்கு எழுதினேன். முதலில் இயந்திரம் பதில் சொன்னது. பிறகு ஒருவர் வந்து, 24 மணி நேரம் பொறுக்கச் சொன்னார். 24 மணி நேரம் கழித்து, மேலதிகாரியிடம் போயிருக்கிறது, இன்னும் 48 மணி நேரம் என்றார்கள். அதற்கப்புறம் ஒரே வரி: "இந்தப் பரிவர்த்தனை எங்கள் தளத்தின் வழியாக நடக்கவில்லை." பணம் உங்கள் வழியாகப் போகவில்லை, சரி. அந்த ஆளை எனக்குக் காட்டியது யார்? அந்த வீட்டைச் சரிபார்த்தது என்று பச்சை அடையாளம் போட்டது யார்? இதற்குப் பதிலே இல்லை. உரையாடலை மூடிவிட்டு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள்.

வங்கியில், "உங்க பின் நம்பரைப் போட்டு நீங்களேதான் அனுப்பியிருக்கீங்க சார்" என்றார்கள். எங்கள் ஊர்க் காவல் நிலையத்தில், நடந்தது காரைக்கால், அது புதுச்சேரி எல்லை, அங்கே போய்க் கொடுங்கள் என்றார்கள். இது சரியில்லை. குற்றம் எங்கே நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173-ஆவது பிரிவு சொல்கிறது. வழக்கறிஞரான ஒரு நண்பர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. நாளை அதை எழுதி எடுத்துக்கொண்டு மறுபடி போகிறேன்.

சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு நான் அழைத்தது மூன்றாவது நாள். இதுதான் இப்போது மிகவும் உறுத்துகிறது. பணம் வாங்கியவன் கணக்கில் இருக்கும்போதே சொன்னால் அதை நிறுத்திவைக்க வழி இருக்கிறது. பொறுங்கள் பொறுங்கள் என்று தளம் சொன்னதைக் கேட்டு நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் ரூ.21,600-ஐயும் அவன் எடுத்துக்கொண்டு போயிருப்பான்.

அறிவுரை விரிவாக எழுத நினைத்தேன். முடியவில்லை, கை நடுங்குகிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். தளத்துக்கு வெளியே ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும். நம்பரை எழுத்தில் எழுதி அனுப்பினால் அங்கேயே விட்டுவிடுங்கள். வந்த வீடியோவை நம்பாதீர்கள். நேரலையில் வீடியோ கால் போட்டு வாசலில் தொடங்கி மாடி வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். திருவிழாவுக்குப் போவதாக இருந்தால் உலா எந்த வீதி வழியாகப் போகிறது என்று கோயிலில் கேட்டுவிட்டு, அந்தத் தெருவில் உள்ள ஒரு கடைக்காரரிடம் அப்படி ஒரு வீடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஏமாந்துவிட்டால் வேறு யாரிடமும் பேசும் முன் 1930. அப்புறம்தான் தளம், வங்கி, நுகர்வோர் உதவி எண் 1915 எல்லாம்.

தளத்தில் அந்த வீட்டு விளம்பரம் இன்னும் எடுக்கப்படவில்லை. சற்று முன்புகூடப் பார்த்தேன். ஆடி மாதத்துக்கு இடம் இருக்கிறது என்று காட்டுகிறது. மஞ்சள் சுவர், நீலக் கைப்பிடி, மாடியில் துளசி மாடம், ஒரு ஜன்னலில் தென்னையும் மணலும். இந்தப் படம் எந்த ஊர்ப் பெயரில் கண்ணில் பட்டாலும் பணம் போடாதீர்கள்.