பேசியவர்கள் பெயரை எழுதாத லீடர்கள்

எங்கள் ஊர்ப்புற நூலகத்தின் பின்தாழ்வாரத்தில் ஜூலை மாதத்திலிருந்து ஒரு மாலை வகுப்பு நடக்கிறது. நான்கு, ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி. செவ்வாயும் வியாழனும் மாலை 5 மணி முதல் 6.15 வரை. மாதம் 150 ரூபாய். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் சின்ன மகள் ஆறு மாதமாகப் போய்வருகிறாள். பிள்ளையைச் சேர்க்கலாமா என்று ரவிக்கை அளவு கொடுக்க வரும் தாய்மார்கள் எல்லோரும் கேட்கிறார்கள். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே ஒவ்வொருவருக்கும் சொல்லி மாளவில்லை. ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ‘தலைமைப் பண்பு’ என்று பேனர் கட்டினாலே எனக்கு எரிச்சல் வரும். அதற்குக் காரணம் உண்டு. இரண்டு கோடைக்கு முன்பு பக்கத்து டவுனில் ஒரு நிறுவனம் பத்து நாள் வகுப்பு நடத்தியது. கட்டணம் 4,500 ரூபாய். மூத்தவளைச் சேர்த்தேன். பத்து நாளும் கைகுலுக்குவது எப்படி, மேடையில் கால் அகட்டி நிற்பது எப்படி, ஆங்கிலத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது எப்படி என்று பழக்கினார்கள். கடைசி நாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி கறுப்புக் கோட்டு மாட்டிப் படம் எடுத்தார்கள். கோட்டு வாடகை தனி. நான் தையல்காரி, கண் அங்கேதான் போகும்: உள்ளே லைனிங் பிரிந்து நூல் தொங்கியது, கைக்குழியில் குண்டூசி குத்தி அளவைச் சுருக்கியிருந்தார்கள். வெளியே நல்ல மடிப்பு. வீட்டுக்கு வந்த மறுநாள் கடைக்குப் போய் அரைக் கிலோ ரவை வாங்கி வரச் சொன்னேன். “கடைக்காரர் என்னைக் கவனிக்கவே இல்லை, அம்மா” என்று வெறுங்கையோடு திரும்பி வந்தாள். சான்றிதழ் மட்டும் லாமினேட் செய்து பத்திரமாக இருக்கிறது.

அதனால் இந்த வகுப்புக்கு நான் சும்மா போய் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் பணம் கட்டினேன். நடத்துபவர்கள் மூன்று பேர். பிளஸ் ஒன் படிக்கும் இரண்டு பெண்கள், அவர்களுக்குத் துணையாக ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர். ஊரில் எல்லோருக்கும் அவர் பி.டி. சார். யோசனை பெண்களுடையது. 2021 அக்டோபரில் அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற மாலை வகுப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது இதே தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படித்த பிள்ளைகள்தான் இவர்கள். தன்னார்வலராக வந்த அக்கா தனக்கு வேலை இருக்கும் நாட்களில் இவர்களை விட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லித்தரச் செய்திருக்கிறார். அதில் பிடித்த ருசி.

முதல் நாள் சார் பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு சாக்பீஸ் கொடுத்து, “லீடர் என்ன செய்வார்? தரையில் வரைந்து காட்டு” என்றார். பதினெட்டுப் பேரில் பதினோரு பேர் கரும்பலகையை வரைந்தார்கள். மேலே ‘பேசியவர்கள்’ என்று தலைப்பு, கீழே பெயர் வரிசை, சிலர் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி. நம் பள்ளியில் படித்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. டீச்சர் வெளியே போனால் லீடர் எழுந்து பலகைக்கு முன் நிற்பார். அதற்கு மேல் லீடருக்கு வேலை கிடையாது. என் மகளும் மூன்றாம் வகுப்பில் லீடராக இருந்தவள்தான். பெயரை எழுதாமல் விட ஒரு கடலை மிட்டாய் என்று விலை வைத்திருந்தது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

சார் அந்தப் படங்களை ஈரத் துணியால் துடைக்கச் சொன்னார். “இங்கே யாரும் யார் பெயரையும் எழுதக் கூடாது.” அன்றைக்கு அவர் போட்ட விதி இது ஒன்றுதான்.

பதினெட்டுப் பிள்ளைகளும் ஆறு ஆறு பேராக மூன்று குழு. ஒவ்வொரு குழுவிலும் ஆறு வேலை: தலைவர், கணக்கர், நேரம் பார்ப்பவர், தின்பண்டத்துக்குப் பொறுப்பாளர், பதிவேடு எழுதுபவர், தண்ணீரும் பாயும் கவனிப்பவர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேலை கைமாறும். சார் பல ஆண்டுகள் சாரணர் ஆசிரியராக இருந்தவர். இந்த ஏற்பாடு அங்கிருந்து வந்தது. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் முதல் முகாம் நடத்தியபோது, வசதியான வீட்டுப் பையன்களையும் உழைப்பாளிகள் வீட்டுப் பையன்களையும் கலந்து நான்கு அணிகளாகப் பிரித்தாராம்; ஒவ்வோர் அணியையும் ஒரு பையனிடமே ஒப்படைத்தாராம். 1916இல் சின்னப் பிள்ளைகளுக்கென்று குருளையர் படை வந்தபோது அது ஆறு பேர் அணியானது. “ஏன் சார் ஆறு?” என்று கேட்டேன். “ஏழாவது ஆள் வந்தால் ஒருவர் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும்” என்றார். அது உண்மையோ இல்லையோ, பிள்ளைகள் கூட்டத்தைப் பார்த்தவர் சொல்கிற பதில் என்று பட்டது.

பேச்சுப் பயிற்சியும் உண்டு. ஆளுக்கு இரண்டு நிமிடம். நேரம் பார்ப்பவர் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டுவார். 1924இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் இப்படித்தான் செய்வார்கள் என்று அந்தப் பெண்களில் ஒருத்தி படித்துவிட்டு வந்திருக்கிறாள். அங்கே பேச்சுக்கு நடுவே வரும் ‘ஆ’, ‘ம்’ எல்லாவற்றையும் எண்ண ஓர் ஆள் இருப்பாராம். இங்கே ‘வந்து’, ‘அப்புறம்’ ஒவ்வொன்றுக்கும் எவர்சில்வர் டம்ளரில் ஒரு புளியங்கொட்டை விழும். டங் என்று சத்தம் கேட்டதும் பேசுகிற பிள்ளைக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. என் மகளுக்கு ஜூலையில் பத்தொன்பது கொட்டை. இப்போது நான்கைந்து. போன வாரம் என் மாமியாரிடம் நான் போனில் பேசி முடித்ததும் “பன்னிரண்டு, அம்மா” என்றாள்.

ஆனால் பணம் கொடுத்து அனுப்புவது பேச்சுக்காக என்றால் நான் நிறுத்தியிருப்பேன். நான் தொடர்ந்து அனுப்புவதற்குக் காரணம் பண்டம்.

ஒவ்வொரு வகுப்புக்கும் 90 ரூபாய் ஒதுக்கீடு. ஆள் ஒன்றுக்கு ஐந்து ரூபாய். அன்றைய முறைக்காரக் குழு பதினெட்டுப் பேருக்கும் தின்பதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். என்ன வாங்குவது, யார் வீட்டில் வேகவைப்பது, மிச்சம் எவ்வளவு என்பதெல்லாம் அவர்கள் பாடு. பெற்றோர் நுழையக் கூடாது. செப்டம்பரில் என் மகள் பண்டப் பொறுப்பு. கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல் என்று முடிவாகியிருந்தது. வியாழக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கடலையை ஊறப்போட மறந்துவிட்டாள்.

எனக்குக் கை துறுதுறுத்தது. வெந்நீரில் போட்டு மூடிவைத்துக் குக்கரில் கூடுதலாக ஐந்து விசில் விட்டால் எப்படியும் ஒப்பேற்றிவிடலாம். அல்லது பேசாமல் இரண்டு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது. முந்தின வாரம்தான் சார் என்னிடம், “நீங்கள் காப்பாற்றினால் கட்டணத்தைத் திருப்பித் தந்துவிடுவேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். வாயைக் கட்டிக்கொண்டு காஜா எடுக்க உட்கார்ந்தேன். நான்கு ஊக்கு தப்பான பக்கத்தில் தைத்தேன் அன்றைக்கு.

பள்ளி விட்டதும் நேராகக் கடைக்கு ஓடியிருக்கிறாள். அரைக் கிலோ பொட்டுக்கடலை, கால் கிலோ வெல்லம். 82 ரூபாய். நான் நூலகத்துச் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். அது விதிமீறலில் சேராது. எல்லோரும் சுண்டலுக்குக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இவள் எழுந்து, “சுண்டல் இல்லை. நான் ஊறப்போட மறந்துவிட்டேன். பொட்டுக்கடலை வாங்கினேன். எட்டு ரூபாய் மிச்சம்” என்றாள். அவ்வளவுதான். ஒரு பையன் “ஐயே” என்றான். குழுத் தலைவியாக இருந்த ஆறாம் வகுப்புப் பெண், “நானும் நேற்று ராத்திரி அவளிடம் கேட்டிருக்க வேண்டும்” என்று சொல்லிவிட்டு வெல்லத்தை உடைக்க ஆரம்பித்தாள். உடைப்பதற்கு எதுவும் இல்லாமல் படிக்கட்டு விளிம்பில் துணியில் முடிந்து அடித்தார்கள். பதிவேட்டில் ‘ஊறப்போடவில்லை, பொட்டுக்கடலை, மிச்சம் ரூ. 8’ என்று ஏறியது. சுவரில் ஒட்டிய மாதக் கணக்கில் அந்த எட்டு ரூபாயைத் தேடிப் பார்த்தேன். இருந்தது.

அந்தச் சுவர்க் கணக்கும் சொல்லத் தக்கதுதான். வரவு 2,700. பண்டத்துக்கு எழுநூற்றுச் சொச்சம், இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கு 500, மீதி நோட்டு, அட்டை, பாய், பந்து. சார் எதுவும் வாங்குவதில்லை. 4,500 வாங்கிய இடத்தில் கோட்டு வாடகைக்கு ரசீது கேட்டபோது என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

குறைகளுக்கு வருகிறேன். சின்னக் குறைகள் அல்ல.

அக்டோபரில் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து நூலகச் சந்தில் தெருவிளக்கு வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஏறத்தாழ முப்பது வீட்டுக்கு ஒன்று என்று பல ஊர்களில் குழந்தைகள் பாராளுமன்றம் நடத்துகிறார்களே, அந்த மாதிரி. நவம்பர் 1 கிராம சபையில் மனு கொடுப்பது திட்டம். மனுவை வாசித்துப் பார்த்தேன். “மேற்படி தெருவில் மின்விளக்கு வசதி இன்மையால் பொதுமக்கள் பெரிதும் அவதியுறுவதைக் கனிவுடன் பரிசீலித்து ஆவன செய்யுமாறு” என்று இருந்தது. பத்து வயதுப் பிள்ளை அவதியுறாது, பயப்படும். சார் எழுதியதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். என் மகள் முதலில் எழுதிய தாளை வீட்டில் பார்த்திருக்கிறேன்: ‘ஆறு மணிக்கு மேல் சந்தில் நாய் இருப்பது தெரியவில்லை, மிதித்துவிடுகிறோம்.’ அதை அப்படியே கொடுத்திருக்கலாம். கிராம சபையில் வாக்காளர்கள்தான் உறுப்பினர்கள். பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார்கள், மனுவைச் சார்தான் கொடுத்தார். விளக்கு இன்னும் வரவில்லை. அதைக் கேட்கப் போவது யார் என்றும் வகுப்பில் தீர்மானிக்கவில்லை. சொன்னதைத் தொடர்ந்து போய்க் கேட்பதில்தான் பாதி வேலை இருக்கிறது, அதை விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது, அரையாண்டுத் தேர்வு. டிசம்பரில் மூன்று வகுப்புகள் திடீரென்று நின்றுபோயின. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குத் தேர்வு வரும் என்பது ஜூலையிலேயே தெரிந்த விஷயம். மாற்று ஆள் பார்த்து வைக்காதது பெரியவரின் தவறு. மார்ச்சில் இன்னும் மோசமாகும் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.

மூன்றாவது, இரண்டாம் குழுவில் வாய் திறக்காத ஒரு பையன். வேலை கைமாறும் என்பது விதி. ஆனால் அவன் முறை வரும்போதெல்லாம் துடிப்பான பிள்ளைகள் “நீ தண்ணீரே வைத்துக்கொள்” என்று மாற்றிக்கொண்டார்கள், அவனும் தலையாட்டிவிட்டான். ஆகஸ்டு முழுக்கத் தண்ணீர். பிறகு அந்தப் பெண்கள் கவனித்து அவனைக் கணக்கர் ஆக்கினார்கள். அவன் அப்பா காய்கறிக் கடை வைத்திருக்கிறார். பயல் மனக்கணக்கில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான். ஆனாலும் ஒரு மாதம் வீண்.

கழிப்பறை ஐந்தரை மணிக்கே பூட்டப்பட்டுவிடுகிறது. பெண் பிள்ளைகளை அனுப்புபவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். வருகைப் பதிவு ஒழுங்காக இருக்கிறது, வீட்டு ஆள் வராமல் பிள்ளையை விடுவதில்லை, சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098 என்று பெரிதாக எழுதியிருக்கிறார்கள், எதற்கு என்றும் சொல்லித் தந்திருக்கிறார்கள்.

இதே மாதிரி தங்கள் தெருவில் தொடங்கலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். தாராளமாகத் தொடங்குங்கள். பதினெட்டுக்கு மேல் சேர்க்காதீர்கள். முதல் செலவாகப் பேனர் அடிக்காமல் ஒரு நல்ல கணக்கு நோட்டும் பூட்டுள்ள டப்பாவும் வாங்குங்கள். நடத்தும் பெரிய பிள்ளைகளின் தேர்வு அட்டவணையை முதலில் வாங்கிக்கொண்டு பிறகு நாள் குறியுங்கள். உப்பு, சர்க்கரை மாதிரி பெரியவர் யாராவது ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் அளவாக.

ஆங்கிலம் வேண்டும், சான்றிதழ் வேண்டும், ஆண்டுவிழாவில் பிள்ளை மேடையேற வேண்டும் என்பவர்கள் இங்கே சேர்க்க வேண்டாம், சண்டைதான் மிஞ்சும். ஐந்து நட்சத்திரத்துக்கு நான் மூன்றரை கொடுப்பேன். விளக்கு வந்தால் நான்கு.

ஜனவரிக்கு 150 ரூபாய் கட்டிவிட்டேன். இரண்டாம் வாரம் வியாழக்கிழமை மறுபடியும் என் மகள் பண்டப் பொறுப்பு. புதுக் காலண்டரில் புதன்கிழமைக் கட்டத்தில் ‘ஊறப்போடு’ என்று சிவப்புப் பேனாவால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறாள். அது என் கடை அளவு நோட்டுக்கு வைத்திருந்த பேனா. இன்னும் திரும்பி வரவில்லை.