கராஜ் சேல் பெட்டி: பலகைக்காக வாங்கலாம், ஸ்டிக்கருக்காக வேண்டாம்

டல்லாஸ் நகருக்கு வடக்கேயுள்ள புறநகர் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் குடியிருந்த வீட்டை விட்டுச் சிறிய வீட்டுக்கு மாற வேண்டியிருந்ததால், சென்ற மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், வேண்டாத வீட்டுப் பொருள்களை வாசலில் வைத்து விற்கும் 'கராஜ் சேல்' நடத்த, எங்கள் கராஜையும் (கார் நிறுத்தும் அறையையும்) அதன் முன்னிருக்கும் சிமெண்டுத் தளத்தையும் ஒரு நாள் கடையாக்கினோம். அதற்காக 14 டாலர் கொடுத்து வாங்கிய ஆயத்தப் பெட்டியில், கம்பிக் கால் வைத்த மூன்று பிளாஸ்டிக் பலகைகள், ஒட்டும் அம்புக்குறிகள், விலை அச்சிட்ட இருநூற்றுச் சொச்சம் ஸ்டிக்கர்கள், கணக்கெழுதும் தாள்கள், நான்கு பக்கக் கையேடு ஆகியவை இருந்தன.

கொடுத்த காசு பலகைகளுக்கே தகும். வெள்ளிக்கிழமை இரவு அடித்த காற்றுக்கு அட்டைப் பலகையாயிருந்தால் பறந்திருக்கும்; இவை சாயக்கூட இல்லை. மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து தொலைவிலிருந்தே கண்ணில் படுகிறது. ஆனால் முகவரி எழுத விட்டிருக்கும் இடம் இரண்டு விரல் உயரந்தான். மணிக்கு 40 மைல் வேகத்தில் காரோட்டி வருபவர் அதை வாசிப்பதற்குள் திருப்பத்தைக் கடந்துவிடுவார். ஆகவே முகவரியை விட்டுவிட்டு, 'சனி, 8 மணி' என்று தடித்த பேனாவால் எழுதி, அம்புக்குறியை மட்டும் ஒட்டினேன். அதுவே போதுமானதாக இருந்தது.

கையேட்டின் முதல் பக்கத்துப் படத்தில் பலகை மின்கம்பத்தில் கட்டப்பட்டிருக்கிறது. டெக்சஸ் மாநிலச் சட்டப்படி பொதுச்சாலை ஓரத்தில் அனுமதியின்றிப் பலகை வைப்பதே குற்றம் என்பதைத் தயாரித்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை போலும். முனை வீட்டுக்காரரிடம் கேட்டு, அவர் புல்தரையில் நட்டுக்கொண்டோம். குடியிருப்போர் சங்கம் உள்ள இடங்களில் அவர்களிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ஸ்டிக்கர்கள்தாம் பெரிய ஏமாற்றம். எவர்சில்வர் பாத்திரங்களில் ஒட்டியவற்றை உரித்தபோது பசை அப்படியே நின்றுவிட்டது. தேங்காயெண்ணெய் தடவி ஒரு மணி நேரம் தேய்த்தோம். அதைவிட முக்கியமாக, பொருளுக்கொரு விலை ஒட்டுவதே வீண்வேலை என்பது காலை ஒன்பது மணிக்குள் புரிந்தது. ஐந்து டாலர் என்று ஒட்டியிருந்தால் மூன்றுக்குக் கேட்கிறார்கள். 'இந்த மேசையில் எதை எடுத்தாலும் 1 டாலர்' என்று எழுதி வைத்த மேசையில் ஒருவரும் பேரம் பேசவில்லை, நான்கைந்தாக அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த மேசையிலிருந்த இட்லித் தட்டை முட்டை வேகவைக்கும் பாத்திரம் என்று நினைத்து ஒரு மூதாட்டி வாங்கினார். விளக்க முயன்றேன்; அவருக்கு முட்டைதான் வேண்டியிருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த, இங்குள்ள மின்சாரத்துக்கு ஒத்துவராத 230 வோல்ட் மிக்ஸியை மட்டும் இனாமாகக்கூட யாரும் தொடவில்லை.

சில்லறையைப் பற்றிக் கையேடு சொல்வது சரியான அறிவுரை. முதலில் வருபவர் இருபது டாலர் நோட்டை நீட்டுவார் என்று எச்சரிக்கிறது, அப்படியே நடந்தது. நாற்பது ஒரு டாலர் நோட்டுகளும், வங்கியில் பத்து டாலருக்குக் கிடைக்கும் 25 சென்ட் நாணயச் சுருள் ஒன்றும் கைவசம் வைத்திருந்ததால் சமாளித்தோம். பணத்தைப் பெட்டியில் போடாமல் இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளும்படி சொல்லியிருப்பதும் நன்று.

குழந்தைப் பொருள்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லாததை மன்னிக்க முடியவில்லை. பக்கச்சட்டம் கீழிறங்கும் பழைய வகைத் தொட்டிற்கட்டிலை 2011 ஜூன் 28 முதல் அமெரிக்காவில் யாரும் விற்கக்கூடாது. வீட்டு வாசல் விற்பனையும் இதற்கு விலக்கன்று. எங்களிடம் அப்படியொன்று இருந்தது, இருபது டாலர் ஸ்டிக்கரும் ஒட்டியாயிற்று. தோழி ஒருத்தி பார்த்துச் சொன்ன பிறகே பிரித்துக் குப்பையில் போட்டோம்.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன், மூன்றும் பலகைகளுக்கே. தனியாகப் பலகை மட்டும் கிடைத்தால் அதையே வாங்குங்கள். எங்களுடையவை இப்போது எதிர்வீட்டில் இருக்கின்றன. நான் எழுதிய 'சனி'யை அவர்கள் ஸ்பிரிட் கொண்டு துடைத்து 'ஞாயிறு' என்று மாற்றிக்கொண்டார்கள்.