ரீனோவிலிருந்து ஒரு நாள்: பிரமிட் ஏரியா, மோனோ ஏரியா?

நெவாடாவின் ரீனோவில் கார் இருக்கிறது, கையில் ஒரே நாள். இரண்டுமே வெளியே வடியாத பாலைவன ஏரிகள். எதற்குப் போவது?

தூரம்: பிரமிட், ஒரு மணி நேரத்துக்குள். மோனோ, 395ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இரண்டரை மணி நேரம்.

செலவு: பிரமிட் ஏரி பையூட் பழங்குடியினரின் நிலம், அவர்களிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். மோனோவுக்குப் பெட்ரோல்தான் பெரிய செலவு. மோனோ இருக்கும் கலிபோர்னியாவில் விலை அதிகம், ரீனோவிலேயே டேங்க்கை நிரப்பிவிடுங்கள்.

வழி: பிரமிட் சாலையில் மேடு ஏறி இறங்கும்போது சட்டென்று நீலம் விரியும். மோனோ வழியில் சியரா மலைகள் கூடவே வரும். கான்வே கணவாயில் (சுமார் 2,480 மீட்டர்) கட்டாயம் நிறுத்துங்கள், முழு ஏரியும் கீழே தெரியும்.

தண்ணீர்: பிரமிடில் லேசான உப்பு, டிரவுட் மீன் உண்டு. மோனோ கடலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உப்பு, மீனே கிடையாது. 1941 முதல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் ஓடைகளைத் திருப்பியதால் நீர்மட்டம் இறங்கி, அடியில் உருவான சுண்ணக் கோபுரங்கள் வெளியே நிற்கின்றன. அழகுதான், ஆனால் ஏரி இழந்த தண்ணீரின் அளவும் அதுதான். மனசு கனக்கிறது.

சின்னக் குழந்தைகள், தாமதமான புறப்பாடு என்றால் பிரமிட். விடியுமுன் கிளம்ப முடியுமா, கேமரா இருக்கிறதா? அப்போ மோனோ. குளிர்காலத்தில் கணவாயில் பனி விழும், அப்போதும் பிரமிட்தான்.