கோக்சினெல்: அடுத்தவர் எழுதிய நிரலைத் துப்புரவு செய்ய ஒரு பொறிவண்டு

ஓப்பன் சோர்ஸில் ரீஃபாக்டரிங் (இருக்கிற நிரலை, அதாவது கோடை, சீராக்கி எழுதுவது) பெரும்பாலும் யாரும் கேட்காமல் செய்கிற வேலை. ஒரு கோப்பில் பிழையைத் திருத்தியவருக்கு, அதே பிழை இன்னும் நூறு கோப்புகளில் கிடப்பது கண்ணில் பட்டுவிட்டால் கை சும்மா இருக்காது. அந்த அரிப்பு உள்ளவர்களுக்கான கருவி கோக்சினெல்: மாற்றத்தை ஒரு விதியாக எழுதிக் கொடுத்தால், சி மொழிக் கோப்புகள் முழுக்க அதைச் செய்துவிடும். பிரெஞ்சில் பொறிவண்டு என்று பொருள். பூச்சி தின்கிற வண்டு, அதாவது 'பக்' (நிரல் பிழை) தின்கிற வண்டு.

பிறந்தது லினக்ஸ் கெர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) ட்ரைவர்களுக்காக, அதாவது வன்பொருளை இயக்கும் நிரல்களுக்காக. உள்ளே ஒரு ஏபிஐ (மற்ற நிரல்கள் அழைக்கும் ஃபங்ஷன்) மாறினால் அதை அழைக்கிற ட்ரைவர்கள் எல்லாம் கூடவே மாற வேண்டும். அந்தத் தலைவலிக்கு மருந்தாக ஆய்வாளர் ஜூலியா லாவலும் அவரது சகாக்களும் உருவாக்கினார்கள். 2010-ல் கெர்னலிலேயே இந்த விதிகளை ஓட்டிப் பார்க்கும் 'மேக் காக்கிசெக்' என்ற கட்டளை சேர்ந்தது. கிட் (கோடின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவி), கியூஎம்யூ (கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருள்) திட்டங்களும் தங்கள் களஞ்சியத்தில் இதற்கான விதிகளை வைத்திருக்கின்றன.

வரிகளைத் தேடி மாற்றும் 'செட்' போன்றதல்ல இது. சி மொழியின் இலக்கணம் இதற்குத் தெரியும். விதி எழுதுவது பேட்ச் (மாற்றங்களை வரிவரியாகக் காட்டும் கோப்பு) எழுதுவது போலத்தான்: நீக்க வேண்டிய வரிக்கு முன் கழித்தல் குறி, சேர்க்க வேண்டியதற்குக் கூட்டல் குறி, நடுவில் என்ன வந்தாலும் பரவாயில்லை என்றால் மூன்று புள்ளி. பிரபலமான உதாரணம்: கே-மல்லாக் கொண்டு நினைவகம் வாங்கி, பிறகு மெம்செட்டால் பூஜ்யமாக்கும் இரண்டு படிகளை ஒரே கே-ஸெட்-அல்லாக் அழைப்பாக்குவது. ஏழு வரியில் விதி முடிந்துவிடும்.

ஆனால் அந்த ஏழு வரி விதி தவறு. மூன்று புள்ளிக்குள், வாங்கிய நினைவகத்தைச் சுட்டும் அந்தப் பாயின்டர் வழியே யாராவது ஒரு மதிப்பை எழுதியிருக்கலாம். பழைய கோடில் மெம்செட் அதை அழித்தது. புதிய கோடில் அது அப்படியே தங்கிவிடும். சரி, இடையில் பாயின்டரே வரக்கூடாது என்று நிபந்தனை போட்டால், நல்-சோதனையும் (நினைவகம் கிடைத்ததா என்று பார்ப்பது) அடிபட்டு, பொருந்த வேண்டிய இடங்கள் பெரும்பாலும் நழுவும். புள்ளிகளை எடுத்துவிட்டு நல்-சோதனையையே விதியில் ஒரு வரியாக எழுதுவதுதான் வழி. சமன் நல் என்று எழுதினால் போதும். ஆச்சரியக்குறி போட்டுச் சோதிக்கும் கோடையும் அது தானே பிடித்துக்கொள்ளும். இந்தச் சமானங்களுக்கென்றே தனிக் கோப்பு கருவியோடு வருகிறது. பலரும் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

பெரிய குறை, தோற்றால் சத்தம் போடாது. மேக்ரோ என்ற சுருக்கப் பெயர்களை விரித்துத் தரும் ப்ரீபிராசசரை ஓட்டாமல் மூலக் கோடை நேரடியாகப் படிப்பதால், விசித்திரமான மேக்ரோ வந்தால் அந்த ஃபங்ஷனையே தாண்டிப் போய்விடும். 'ஒன்றும் சிக்கவில்லை' என்பதை 'எல்லாம் சுத்தம்' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் பார்ஸ்-சி விருப்பத்தோடு ஓட்டி எவ்வளவு படிக்க முடிந்தது என்று பாருங்கள். இடறும் மேக்ரோக்களைத் தனிக் கோப்பில் வரையறுத்துக் கொடுங்கள். டைப்பை வைத்துப் பொருத்தும் விதி என்றால் ஹெடர்களையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். சொன்னால் வேகம் படுத்துவிடும். ஜாப்ஸ் விருப்பத்தால் பல கோர்களுக்குப் பிரித்து விடலாம்.

வெளியீடு பார்வைக்குச் சுத்தமாக இருக்கும், கமென்ட்டுகளும் பெரும்பாலும் தப்பிவிடும். நீண்டுபோன வரிகளைச் சில சமயம் கையால் மடிக்க வேண்டியிருக்கும்.

இனி, எதற்காகச் செய்கிறோம் என்ற கேள்வி. தன் பெயரில் கமிட் (திட்டத்தில் பதிவாகும் மாற்றம்) எண்ணிக்கை ஏற வேண்டும் என்று வருபவருக்கு இது ஆபத்தான வசதி: ஒரு மதியத்தில் நூறு பேட்ச் தயாராகிவிடும். அவற்றைப் படிக்க மெயின்டெயினருக்கு (அந்தப் பகுதியின் பொறுப்பாளர்) ஒரு வாரம் ஆகும், அவர் கிளையில் காத்திருக்கும் மற்ற பேட்ச்களும் மோதும். கோடைப் புரிந்துகொள்ளத்தான் ரீஃபாக்டர் செய்கிறேன் என்பவருக்கு முதல் பத்து இடங்களைக் கையாலேயே மாற்றச் சொல்வேன். எந்த நிபந்தனை விதிக்குள் போக வேண்டும் என்று அங்கேதான் தெரியும். பிறகு, மாற்றாமல் இடங்களை மட்டும் சொல்லும் ரிப்போர்ட் முறையில் ஒரே டைரக்டரியில் ஓட்டி, வந்ததை ஒவ்வொன்றாகப் படித்து, அதன்பின் பேட்ச் முறையில் மாற்றி, கம்பைல் செய்து, துணை அமைப்பு வாரியாகப் பிரித்து அனுப்பலாம். கமிட் செய்தியில் விதியையும் ஒட்டிவிடுங்கள். மெயின்டெயினர் நூறு மாற்றங்களுக்குப் பதில் அந்த விதியைச் சோதித்தால் போதும். கேள்வி கேட்டால் விதியைத் திருத்தி மறுபடி ஓட்டுவது உங்கள் பாடு.

ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டுவது கிட் ப்ளேம். 'அதில் என் பெயர் மறைந்துவிட்டதே' என்ற புலம்பலுக்கும் வழி உண்டு. 2019-ல் வந்த கிட் 2.23 முதல், ஒதுக்க வேண்டிய கமிட்டுகளை ஒரு கோப்பில் பட்டியலிட்டு ப்ளேமுக்குக் கொடுக்கலாம். நடத்தையை மாற்றாத மாற்றங்களை மட்டும் அதில் சேருங்கள். கே-ஸெட்-அல்லாக் போன்றவை வேண்டாம், நாளை பிழை தேடுபவருக்கு அந்த வரி தேவைப்படும்.

சி மொழித் திட்டம் என்றால் தயங்காமல் நிறுவுங்கள். சி++ என்றால் கிளாங்-டைடி என்ற கருவியின் பக்கம் போவது நல்லது.