பேர் வெட்டிய பேட்ஜா, பேப்பரோடு வந்த பேட்ஜா?

பாத்திரக் கடையில் பேர் வெட்டித் தருவதைப் பார்த்திருப்பீர்கள். முன்பெல்லாம் சின்ன உளியும் சுத்தியலும், இப்போது கரண்டில் ஓடும் பேனா. அண்டாவில் பாட்டி பேர் இருந்தால் அது பாட்டி வீட்டு அண்டா, அதற்கு மேல் சாட்சி கேட்க மாட்டோம். இரண்டாம் உலகப் போர்க் கால ஜெர்மன் கடற்படை பேட்ஜ்களைச் சேகரிப்பவர்களும் பின்பக்கத்தில் ஒரு பேரும் கப்பலும் தேதியும் வெட்டியிருந்தால் இப்படித்தான் மயங்கிவிடுகிறார்கள். ஆனால் அண்டாவில் பொய்ப் பேர் வெட்டி யாருக்கும் லாபமில்லை. பேட்ஜில் இருக்கிறது.

ஒரே பணத்துக்கு மூன்று விதம் கிடைக்கும். ஒன்று, தயாரிப்பாளர் முத்திரையோடு பேரில்லாத சுத்தமான பேட்ஜ். இரண்டு, பேர் வெட்டியது. மூன்று, கொஞ்சம் அடிபட்ட பேட்ஜ், கூடவே அதை வழங்கிய சான்றிதழ். என் ஓட்டு மூன்றாவதற்கு, அதற்கு அடுத்தது முதலாவது. பேர் வெட்டியதைக் கட்டைவிரலால் எழுத்தை மறைத்துக்கொண்டு பார்த்தாலும் வாங்கத் தோன்றினால் மட்டுமே வாங்குவேன்.

பேரில்லாததில் குழப்பம் குறைவு. நீர்மூழ்கி பேட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். 1939 அக்டோபர் 13 அன்று அறிவிக்கப்பட்டது, பொதுவாக இரண்டு போர்ப் பயணம் முடித்தவருக்குக் கிடைத்தது. தொடக்கத்தில் டோம்பாக் என்ற செம்புக் கலவையில் தங்க முலாம், போர் நீள நீளத் துத்தநாகம். பெர்லினின் ஷ்வெரின், லூடன்ஷைடின் ஃபுங்கே & ப்ரூனிங்ஹவுஸ் என்று ஒவ்வொரு தயாரிப்பாளரின் அச்சும் சேகரிப்பாளர்களுக்கு மனப்பாடம். பின்பக்கத்துக் கீல், ஊசி, கொக்கி எல்லாவற்றையும் நல்ல மாதிரியோடு வைத்து ஒப்பிடலாம். வியன்னாவின் சுவால் நிறுவனம் போருக்குப் பிறகும் அடித்துத் தள்ளியதை மட்டும் மறக்கக்கூடாது. 1957இல் மேற்கு ஜெர்மனி போட்ட சட்டப்படி வந்தவற்றில் நாஜிச் சின்னமான ஸ்வஸ்திகா இருக்காது, அவை தனி ரகம். இந்த முதல் விதத்தின் குறை ஒன்றுதான்: யார் அணிந்தது என்று சொல்லாது.

பேர் வெட்டியது சொல்லும். உண்மையைச் சொல்கிறதா என்பதுதான் கேள்வி.

இங்கே புதியவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஷ்வெரின் தயாரித்த பெருங்கப்பல் பேட்ஜின் (பெரிய போர்க்கப்பல்களில் இருந்தவர்களுக்கானது) பின்னால் அடால்ஃப் போக் என்ற பேர் இருக்கும். கடல் கண்ணிவெடி அகற்றும் மைன்ஸ்வீப்பர் கப்பல்காரர்களின் பேட்ஜில் ஓட்டோ ப்ளாசெக். ‘ஆஹா, மாலுமி பேர்!’ என்று துள்ள வேண்டாம். இவர்கள் வடிவமைத்த ஓவியர்கள். அச்சிலேயே வந்த எழுத்து அது, யாரும் வெட்டியதல்ல.

வெட்டிய எழுத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். கை உளி போன வழி ஓரிடத்தில் மெலிந்து ஓரிடத்தில் தடித்து, V போலப் பள்ளமாக இருக்கும். மின்கருவி துள்ளித் துள்ளிப் போன தடம் விடும். அதைவிட முக்கியம் வயது. முலாமைக் கிழித்துப் போன வெட்டின் அடியில் எண்பது வருஷத்து மங்கலும் களிம்பும் படிந்திருக்க வேண்டும், எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்க வேண்டும். சட்டையில் உரசிய கீறல்கள் எழுத்தின் மேலும் ஓடியிருக்க வேண்டும்.

எனக்கே ஒரு முறை மூக்கறுந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தை. ஜெர்மனியில் ஸ்வஸ்திகாவைப் பகிரங்கமாகக் காட்டக்கூடாது என்பதால் விற்றவர் அதன் மேல் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். நீர்மூழ்கி பேட்ஜ், பின்னால் படகின் யூ எண், ‘3.2.40’ என்ற தேதி. பேரம் பேசியதிலேயே கவனமெல்லாம் போயிற்று. வீட்டுக்கு வந்து கையில் வைத்தால் கனமே இல்லை: துத்தநாகம். 1940 பிப்ரவரியில் வழங்கியது டோம்பாக்காக இருந்திருக்க வேண்டும். பிறகு வாங்கிய மாற்று பேட்ஜில் பழைய தேதியை வெட்டியிருக்கலாமே என்று விற்றவர் வாதாடலாம்தான். ஆனால் லென்ஸில், பழைய கீறல்களை எழுத்துகள் அறுத்துக்கொண்டு போயிருந்தன. ஒரு கீறல்கூட எழுத்தைத் தாண்டவில்லை. பள்ளத்தின் அடி நேற்று வெட்டியதுபோல் மின்னியது.

உலோகம் தேறினாலும் சரித்திரம் தேற வேண்டும். ‘பிஸ்மார்க்’ என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் பேர் வெட்டிய பெருங்கப்பல் பேட்ஜ் கண்ணில் பட்டால் கணக்குப் போடுங்கள். அந்த பேட்ஜ் அறிவிக்கப்பட்டது 1941 ஏப்ரல் 30. கப்பல் மே மாதம் புறப்பட்டு 27ஆம் தேதி மூழ்கியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் தப்பியவர்கள் சுமார் 115 பேர். அவர்களிலும் ஐந்து பேரைத் தவிர மற்றவர்களைப் பிரிட்டிஷார் பிடித்துக்கொண்டார்கள். எந்த மாலுமி, எப்போது, எந்தக் கடைக்குப் போய் வெட்டினான்? யூ-47 என்ற நீர்மூழ்கியின் கதையும் அப்படியே. ஸ்காபா ஃப்ளோ என்ற பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் புகுந்து ‘ராயல் ஓக்’ போர்க்கப்பலை மூழ்கடித்து ஊரெங்கும் புகழ் பெற்ற படகு, 1941 மார்ச்சில் ஆளோடு போயிற்று. போலி வெட்டுபவன் இந்தப் பேர்களைத்தான் தேடிப் போவான். ஒருவரும் கேள்விப்படாத படகின் பேரை வெட்டி அவனுக்கு என்ன லாபம்? அதனால் பிரபலம் குறையக் குறைய எனக்கு நம்பிக்கை கூடும்.

நார்வேயின் நார்விக் துறைமுகம் கொஞ்சம் வேறு. 1940 ஏப்ரலில் அங்கே டெஸ்ட்ராயர் என்ற வகைப் போர்க்கப்பல்கள் பத்தை ஜெர்மனி இழந்தது, ஆனால் ஆட்கள் பெரும்பாலும் கரையேறிவிட்டார்கள். டெஸ்ட்ராயர் பேட்ஜே அவர்களை முன்னிட்டு ஜூன் 4 அன்று வந்ததுதான். அணிந்தவர்கள் உயிரோடு இருந்தார்கள், பேர் வெட்டிக்கொள்ள நேரமும் இருந்தது. ‘நார்விக்’ என்று பார்த்தவுடன் தூக்கிப் போட வேண்டியதில்லை.

இனி பேப்பர். சான்றிதழிலும் போலி உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பேர் வெட்ட ஒரு உளி போதும். சான்றிதழுக்குப் பழைய தாள், தட்டச்சு, முத்திரை, அந்தத் தேதியில் அந்தப் பதவியில் இருந்த அதிகாரியின் கையெழுத்து, எல்லாம் ஒத்துப்போக வேண்டும். புறஊதா விளக்கில் தாள் நீல வெள்ளையாக ஜொலித்தால் போருக்குப் பிந்தியது என்று சந்தேகிக்கலாம். படைவீரர் கையில் வைத்திருந்த சம்பளப் புத்தகமும் சேர்ந்து வந்தால் அதிலுள்ள பதிவோடு பொருத்திப் பார்க்கலாம். பேர் கையில் இருந்தால் வெளியேயும் தேடலாம்: பெர்லினில் இருந்த படைவீரர் தகவல் அலுவலகத்தின் ஆவணங்கள் 2019 முதல் ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் கையில். குக்ஸ்ஹாஃபனில் நீர்மூழ்கிகளுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. படகுகளின் போர் நாட்குறிப்புகளும் நிறையத் தப்பிப் பிழைத்திருக்கின்றன.

பேப்பரில் உள்ளவர் வேறொரு பேட்ஜை அணிந்திருக்கலாம், விற்பவர் இரண்டையும் ஜோடி சேர்த்திருக்கலாம். அந்த ஆபத்து உண்டு. அப்போதும் பேப்பர் பேப்பர்தான், தனியாகவே மதிப்புள்ளது. பொய்ப் பேர் வெட்டிய பேட்ஜோ, நல்ல பேட்ஜாக இருந்ததும் கெட்டுப்போனது.

கடைசியாக நான் வாங்கிய பேர் வெட்டிய பேட்ஜ் ஒரு மைன்ஸ்வீப்பர். முலாம் பாதி போய்விட்டது. பின்னால் ஒரு குடும்பப் பேர் மட்டும், கப்பலும் இல்லை, தேதியும் இல்லை. கடைசி எழுத்து ஊசியில் இடிக்காமலிருக்கச் சற்றே மேலேறி நெருங்கியிருக்கிறது, பள்ளம் முழுக்கக் கறுத்த அழுக்கு. பேரில்லாத பேட்ஜுக்கு என்ன விலையோ அதைத்தான் கொடுத்தேன். விற்றவரும் பேருக்கென்று தனியாக எதுவும் கேட்கவில்லை.